ஆங்கில வகுப்பு: சனிக்கிழமை தொடக்கம்

பெற்றோர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டார இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான ஆங்கில வகுப்பு வரும் சனிக்கிழமை மாலை 3 முதல் 5 மணி வரை, கோயில் மண்டபத்தில். புகுமுக வகுப்பு (படிவம் 1-க்கு முந்தைய ஆண்டு) முதல் படிவம் 3 வரை ஒரு பிரிவு, படிவம் 4, 5 இன்னொரு பிரிவு.

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வின் ஆங்கிலப் பாடத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என 4 தாள்கள். நம் பிள்ளைகள் எப்படியோ எழுதிவிடுகிறார்கள். பேச்சுத் தாள் என்றால்தான் வாய் திறப்பதில்லை. அங்கே இருவராக உட்கார்ந்து ஒரு தலைப்பைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். மனப்பாடம் கைகொடுக்காது. அதனால் முதல் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சுதான். வீட்டில் தப்பும் தவறுமாகப் பேசிப் பார்த்தால் தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

1. பிள்ளையின் பெயர், படிவம்: வியாழன் இரவு 9 மணிக்குள் இந்தக் குழுவில் பதிவிடுங்கள்.
2. மாதக் கட்டணம் 20 வெள்ளி. சிரமம் என்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம்.
3. நோட்டுப் புத்தகம், பேனா, தண்ணீர் போத்தல் போதும். கைப்பேசி வேண்டாம்.
4. தோட்டத்துக்குள்ளிருந்து வரும் பிள்ளைகளுக்குக் காரில் இடம் தரக்கூடியவர்கள் தெரிவியுங்கள். மாலையில் பஸ்ஸை நம்ப முடியாது.

அப்புறம், வியாழன் வரை குட் மார்னிங் படங்களை நிறுத்தி வையுங்கள். பெயர்கள் அதற்குள் புதைந்துவிடுகின்றன.