கேமில் சுடுவது ஏன் பிடிக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீடியோ கேம் வன்முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுட்டுக் கொல்வதில் இத்தனை பேர் இன்பம் காண்கிறார்களே, இவர்கள் மனதில் என்னதான் இருக்கிறது என்று கட்டுரையாளர் அங்கலாய்க்கிறார். நெடுங்காலமாக இந்த கேம்களை ஆடிவருகிறவள் என்ற முறையில் நானே பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அவர் ஆடுகிறவர் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கிறார். கேமை இயக்கும் கன்ட்ரோலரைக் கையில் எடுத்த மாதிரி தெரியவில்லை. பார்க்கிறவருக்கு முதலில் ரத்தம்தான் கண்ணில் படும். ஆடுகிறவருக்கு அதைப் பார்க்கவே நேரமிருக்காது. எத்தனை குண்டு மிச்சம், அடுத்த ஆள் எந்தச் சுவருக்குப் பின்னால், ஓடினால் தப்பிக்கலாமா என்பதிலேயே புத்தி முழுக்க இருக்கும்.

சண்டை கேம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குத்து சரியாக விழுந்த கணத்தில் இரண்டு உருவங்களும் அப்படியே உறைந்து நிற்கும். கண்ணிமைக்கும் நேரம்தான், தேடிப் பார்த்தால் ஒழியத் தெரியாது. கேம் செய்கிறவர்கள் வேண்டுமென்றே வைப்பது அது. கூடவே கனமான ஒரு சத்தம், கன்ட்ரோலரில் ஓர் அதிர்வு. இவற்றை எடுத்துவிட்டால் அதே குத்து சப்பென்று போய்விடும். நாங்கள் சொக்கிப்போகிற இடம் இதுதான்: நான் செய்தது பலித்தது, அது அந்த நொடியே தெரிந்தும் விட்டது. அன்றாட வேலையில் இப்படிக் கைமேல் பதில் எங்கே கிடைக்கிறது? மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸ் கேமில் நான்கு வரிசை ஒரே அடியில் காலியாகும்போதும் இதே சுகம்தான். அங்கே யாரும் சாவதில்லை. 2015-இல் ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோ கொண்டுவந்த ஸ்ப்ளட்டூன் என்ற சுடும் கேமில் குண்டுக்குப் பதில் வண்ண மைதான் பீறிடும். ஆட்டத்தின் பரபரப்பு கொஞ்சமும் குறையவில்லை.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹாஃப்-லைஃப் 2 என்ற சுடும் கேமை இரண்டு விதமாக மாற்றி ஆடவிட்டார்கள். ஒன்றில் ரத்தம் தாராளம். இன்னொன்றில் அடிபட்ட எதிரி சாவகாசமாக மேலே மிதந்து மறைந்துவிடுவான். ஆடியவர்கள் அடைந்த மகிழ்ச்சியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தன் திறமை பலிக்கிறது, தன் இஷ்டப்படி நடக்க முடிகிறது என்ற உணர்வைப் பொறுத்தே மகிழ்ச்சி கூடிக் குறைந்தது. இன்னொன்றையும் கண்டார்கள். முரட்டுச் சுபாவம் உள்ளவர்கள் வன்முறை கேம்களை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ரத்தம் கூடியதால் அவர்களுக்கும் ஆட்டம் கூடுதலாக இனித்துவிடவில்லை.

சரி, அப்படியானால் ரத்தத்தைக் காட்டினால் ஏன் விற்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கேம் கூடங்களில் காசு போட்டு ஆடிவந்த மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை கேம் 1993-இல் வீட்டில் ஆடும் கேமாக வந்தபோது நின்டெண்டோ ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியது. போட்டி நிறுவனமான சேகாவின் பதிப்பில் ஒரு ரகசியக் குறியீட்டை அழுத்தினால் ரத்தம் வரும். சேகா பதிப்புதான் அதிகம் விற்றது. மறுவருடம் வந்த இரண்டாம் பாகத்தில் நின்டெண்டோவும் ரத்தத்தை விட்டுவைத்துவிட்டது. கடைக்கு இழுத்து வருவது ரத்தம் என்பதை நான் மறுக்கவே இல்லை. பேய்கள் போர்க்களத்தில் பிணக்கூழ் அட்டு உண்பதைப் பரணி பாடி ரசித்தவர்கள் நாம். கோரத்தின் மேல் உள்ள ஆசைக்கு கேமைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் வாங்கியவரை மாதக்கணக்கில் ஆடவைக்க அந்த ஆசை போதாது.

கட்டுரையாளர் சொல்வது போலக் கொலைதான் இன்பம் என்றால், கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற போர் கேமில் (2009) வரும் விமான நிலையக் காட்சி எங்களுக்குக் கொண்டாட்டமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? நிராயுதபாணிகளான பயணிகளைச் சுட்டுக்கொண்டே நடக்கும் கும்பலில் நாமும் ஓர் ஆள். அந்தப் பயணிகளில் எதிர்த்து நிற்க யாரும் இல்லை, குறி தவறும் பயமும் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்ததுதான் மிச்சம். பயணிகள் மேல் ஒரு குண்டுகூடச் சுடாமல் அந்த இடத்தைக் கடக்கலாம். வேண்டாமென்றால் காட்சியையே தாண்டிப்போகவும் கேம் வழி விட்டிருந்தது. செய்தவர்களுக்கே அது எப்படிப்பட்ட காட்சி என்று தெரிந்திருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை. மார்ட்டல் காம்பாட் கிளப்பிய சர்ச்சை அமெரிக்க செனட் வரை போய், 1994-இல் அங்கே வயது வரம்புக் குறியீடு வந்தது, ஐரோப்பாவில் 2003-இல். அட்டையில் 18 என்று பெரிதாகப் போட்ட கேமைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் கேம் செய்தவரைத் திட்டுகிறோம். உங்கள் இதழில் கேம் விமர்சனங்கள் வரும்போது பெயருக்குப் பக்கத்திலேயே அந்த வயது எண்ணையும் அச்சிட்டால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும். இப்போது அது எங்குமே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி