கிரில் வேறு, பார்பிக்யூ வேறு

ஆசிரியருக்கு,

ஞாயிறு மலரில் கரியடுப்பில் கோழி சுடுவதைப் பார்பிக்யூ என்று எழுதியிருந்தீர்கள். அது கிரில். நான் இருக்கும் டெக்சாஸில் பார்பிக்யூ என்றால், விறகுப் புகையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகும் மாட்டு நெஞ்சுக்கறி.

போன மாதம் விறகு ஸ்மோக்கர், அதாவது புகையில் கறி வேகவைக்கும் அடுப்பு, வாங்கினேன். முதல் நாள் ஓக் கட்டைகளைத் திணித்து, காற்று வழியையும் பாதி அடைத்துவிட்டேன். வெள்ளைப் புகை குபுகுபுவென வந்தது, எனக்கோ பெருமை. கறி வாயில் வைக்க முடியாத கசப்பு. "யாகம் முடிந்ததா?" என்றாள் மனைவி. பிறகுதான் புரிந்தது: தீ சின்னதாக, ஆனால் கொழுந்துவிட்டு எரிய வேண்டும். கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். புகை தெரிந்தும் தெரியாமலும் நீலமாக வரும்.

இரண்டாம் முறை சூட்டை 120 டிகிரி செல்சியஸில் நிறுத்தினேன். கறியின் உள்சூடு 70-ஐத் தொட்டதும் மூன்று மணி நேரம் அசையவில்லை. விறகைக் கூட்டலாமா என்று கை பரபரத்தது. மேலே ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிறது, நமக்கு வியர்ப்பது மாதிரி. சரி என்று காத்திருந்தேன். 95-இல் எடுத்தபோது குத்திய கம்பி தடையில்லாமல் இறங்கியது.

அடுத்த முறை கிரிலை கிரில் என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஹூஸ்டன் வாசகர்