பென்சிலில் எழுத வேண்டிய கோடி

ஆசிரியருக்கு வணக்கம்.

‘நெசவாளர் பேரனுக்கு ஆண்டுச் சம்பளம் ரூ.1 கோடி’ என்று சென்ற மாதம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. அந்தப் பையன் என் மாமாவின் பேரன். படிப்பு முடியும் முன்பே ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெங்களூரு கிளையில் வேலை கிடைத்திருக்கிறது. கெட்டிக்காரப் பையன், அந்தப் பாராட்டுக்கு முழுத் தகுதி உள்ளவன். நான் எழுத வந்தது அந்த ஒரு கோடியைப் பற்றி மட்டுமே.

இரண்டு வாரம் முன்பு பெங்களூரு கே.ஆர்.புரத்தில் ரயில் ஏறிக் குடியாத்தம் போயிருந்தேன். மாமா அந்தச் செய்தியை நறுக்கி, சாமி படத்துக்குக் கீழே சுவரில் ஒட்டியிருந்தார். நறுக்கின் ஓரத்தில் நீல மையில் அவருடைய கையெழுத்தில் ஒரு வகுத்தல் கணக்கு. ஒரு கோடியைப் பன்னிரண்டால் வகுத்து 8,33,333 என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். “மாதம் எட்டு லட்சம் வரப்போகிறது அம்மா. தறிக் கொட்டகை இடத்தை வங்கியில் வைத்து, காட்பாடி பக்கம் மனை வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். பையன் இரண்டே வருடத்தில் மீட்டுவிடுவான்” என்றார். எழுபத்து மூன்று வயது. முப்பது வருடம் தறி நெய்து வாங்கிய இடம் அது.

பையனின் பணி நியமனக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 28 லட்சம். வேலையில் சேர்வதற்கு ஒரே ஒரு முறை தரும் தொகை 8 லட்சம். வேலைத்திறனைப் பார்த்துத் தரும் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 4 லட்சம். மீதி 60 லட்சம் நிறுவனத்தின் பங்குகள், அதுவும் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து, ஆண்டுக்கு 15 லட்சம் வீதம். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு கோடி வருகிறது, கூட்டலில் பிழை இல்லை. ஆனால் பங்கு விலை இன்றுள்ள இடத்திலேயே நின்று, ஊக்கத்தொகையும் முழுதாகக் கிடைத்தால் முதல் ஆண்டில் அவன் ஈட்டுவது 55 லட்சம், இரண்டாம் ஆண்டில் 47 லட்சம், இரண்டும் வரிக்கு முன்பு. மாதாமாதம் வங்கியில் விழும் ரொக்கம், வரி பிடிப்பதற்கு முன், 2 லட்சத்து 33 ஆயிரம். இருபத்திரண்டு வயதில் இது மிக நல்ல சம்பளம்தான். ஆனால் மாமா கோடு போட்டு வைத்திருக்கும் எட்டு லட்சம் இதில் எங்குமே இல்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அதே தவற்றை நானே செய்திருக்கிறேன்.

பத்தொன்பது ஆண்டுகளாக பெங்களூருவில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் ஒரு கல்லூரியில் நூலகர். 2021 பிப்ரவரியில் வேலை மாறியபோது புதிய நிறுவனம் எனக்கு 960 பங்குகள் ஒதுக்கியது. ஓராண்டு முடிந்ததும் 240, அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 60 என்று நான்கு ஆண்டுகளில் கைக்கு வரும். இப்படி வருவதை அலுவலகத்தில் ‘வெஸ்ட்’ ஆவது என்போம். அதற்கு முந்தைய நாள் வரை அது நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே, நம் சொத்து ஆகாது.

2021 நவம்பரில் பங்கு விலை 164 டாலர், டாலர் 74 ரூபாய். எக்செல் தாளில் குடும்பச் சொத்துக் கணக்கைத் திறந்து, ‘பங்குகள்’ என்ற வரியில் 960ஐயும் பெருக்கிப் போட்டேன். 1 கோடியே 16 லட்சம் என்று காட்டியது. அன்று என் பெயரில் ஒரு பங்குகூட ஏறியிருக்கவில்லை. அந்த எண்ணை நம்பி டிசம்பரில் சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு 4 லட்சம் முன்பணம் கொடுத்தோம்.

2022 பிப்ரவரியில் முதல் 240 வந்தது. விலை அதற்குள் 121 டாலராக இறங்கியிருந்தது. பங்கு கைக்கு வரும் நாளின் விலைக்கு அது சம்பளம் போலவே வருமானமாகக் கணக்கிடப்படும். அந்த ஆண்டு என் வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால் கூடுதல் வரியும் சேர்ந்து, நூறு ரூபாய்க்கு 34 ரூபாய்க்கு மேல் வரியாகப் போனது. வரிக்காக 83 பங்குகளை நிறுவனமே அன்றே விற்றுக் கட்டிவிட்டது. என் கணக்கில் ஏறியவை 157.

விற்காமல் வைத்திருந்தேன். விலை மீண்டும் ஏறும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். நவம்பரில் விலை 46 டாலர். அதற்குள் வரி போகக் கையில் சேர்ந்திருந்தவை மொத்தம் 280 பங்குகள், மதிப்பு பத்தரை லட்சம். இன்னும் வரவேண்டிய 540 பங்குகளையும் அன்றைய விலைக்குச் சேர்த்தாலும் முப்பது லட்சத்தைச் சொச்சம்தான் தாண்டியது. ஒரே ஆண்டில் ஏறத்தாழ 85 லட்சம் என் எக்செல் தாளிலிருந்து மறைந்தது. உண்மையில் அது ஒரு நாளும் என்னிடம் இருந்ததில்லை.

இதில் பலருக்குத் தெரியாத வலி ஒன்று உண்டு. 121 டாலர் விலைக்கு வரி கட்டியாகிவிட்டது. பிறகு 46க்கு விற்றால் கட்டிய வரி திரும்பி வராது. அந்த நட்டம் மூலதன நட்டம். அதைச் சம்பள வருமானத்தில் கழிக்கச் சட்டம் இடம் தராது. எட்டு ஆண்டுகள் வரை தூக்கிச் சுமந்து, வேறு மூலதன லாபம் வந்தால் அதில் மட்டுமே கழித்துக்கொள்ளலாம். எனக்கு வேறு லாபம் ஏது?

முன்பணத்தை விட்டுவிட்டு அந்த வீட்டிலிருந்து விலகினோம். கணவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு அதிகம் வலித்தது.

2023 ஜனவரியில் வேறொன்றையும் பார்த்தேன். எனக்குப் பக்கத்து இருக்கையில் மதுரைக்காரத் தம்பி ஒருவர். பிப்ரவரி 15 அன்று அவருக்கு 200 பங்குகள் வரவேண்டும், நாள் எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் முன்னதாக, விடியற்காலையில், ஆட்குறைப்பு மின்னஞ்சல் வந்துவிட்டது. கணினியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், செல்பேசியில் பங்குக் கணக்கைத் திறந்து என்னிடம் காட்டினார். முந்தைய நாள் வரை ஏழு இலக்கத்தில் ஒரு தொகை இருந்த கட்டத்தில் வெறும் 0. “அக்கா, இதைக் காட்டித்தான் அப்பாவிடம் கடன் வாங்கச் சொன்னேன்” என்றார். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

என் அப்பா குடியாத்தத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். வந்த பணத்தைப் பேரேட்டில் மையால் எழுதுவார். வரவேண்டிய நிலுவையைப் பென்சிலால் எழுதுவார். வசூலான அன்றுதான் பென்சில் எழுத்தின் மேல் மை ஏறும். சிறுமியாக இருந்தபோது அந்தச் சாம்பல் நிற வரிகளை ரப்பரால் அழித்து விளையாடப் போய் அவரிடம் அடி வாங்கியிருக்கிறேன். அவர் போய்ப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. 2023 பொங்கலுக்குப் பிறகு எக்செல்லை மூடிவிட்டு, நீள நோட்டு ஒன்று வாங்கி அவர் முறைக்கே திரும்பினேன். கைக்கு வந்த பங்குகள் மட்டும் மையில், அன்றைய ரூபாய் மதிப்பில், விற்றால் கட்டவேண்டிய வரியைக் கழித்து. வராத பங்குகள் பென்சிலில், எண்ணிக்கை மட்டும். ரூபாயாக மாற்றுவதே இல்லை. மாற்றினால் மனம் அதைச் செலவழிக்கத் தொடங்கிவிடுகிறது. பங்கு கைக்கு வந்த வாரமே பாதியை விற்றுவிடுகிறேன். அந்தப் பணத்தில்தான் வைப்புநிதியும், மகள் பெயரில் பரஸ்பர நிதியும்.

ஏன் விற்க வேண்டும் என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். இன்ஃபோசிஸ் 1993இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கத் தொடங்கியது. வைத்திருந்தவர்கள் செல்வந்தர்கள் ஆனார்கள். இந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது, பொய்யில்லை. ஆனால் 2001இல் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் விழுந்தபோது அதன் ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கு மேல் அந்த நிறுவனத்தின் பங்காகவே இருந்தது. வேலையும் போனது, சேமிப்பும் போனது. 2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் கணக்குகள் பொய் என்று அதன் தலைவரே கடிதம் எழுதிய ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. 2024 கோடையில் இங்கே ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, ராமமூர்த்தி நகரில் எங்கள் தெருவில் டேங்கர் லாரிக்கு நள்ளிரவு வரை காத்துக் கிடந்தோம். குடிநீர் வாரியக் குழாயும் வைத்திருந்த வீடுகள் சமாளித்தன. கிணறு ஒன்றையே நம்பியவர்கள் குடம் தூக்கி அலைந்தார்கள். எனக்குச் சம்பளம், ஊக்கத்தொகை, பங்கு மூன்றும் ஒரே நிறுவனத்திலிருந்து வருகின்றன. கிணறு ஒன்றுதான்.

அமெரிக்கப் பங்கு வைத்திருப்பவர்கள் வீட்டில் பேசாமல் விடும் விஷயங்கள் இரண்டு உண்டு. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. அதை நம் ஏப்ரல்–மார்ச் கணக்கில் எழுதக் கூடாது, ஜனவரி–டிசம்பர் கணக்கில் எழுத வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டுக் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். 2024 அக்டோபர் முதல், வீடு நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்த அபராதம் இல்லை. ஆனால் காட்டவேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

மற்றது சொல்லவே மனம் கூசும் விஷயம். பங்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால், அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வாசமோ இல்லாதவருக்கு அங்கே 60,000 டாலர் வரைதான் மரணச் சொத்து வரியிலிருந்து விலக்கு. அதற்கு மேல் 40 விழுக்காடு வரை போகும். இந்த வரிக்கு இந்தியாவோடு ஒப்பந்தமும் இல்லை. சொத்துக் கணக்கில் இதையும் ஒரு குறிப்பாக எழுதி, நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கணவரிடம் காட்டியிருக்கிறேன். பங்குக் கணக்கின் பெயரைக்கூட மனைவியிடமோ கணவரிடமோ சொல்லாதவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து இன்று இரவே சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது சிறிய விஷயம். இதுபோன்ற சம்பளச் செய்தி அடுத்த முறை வரும்போது, மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் மாதாமாதம் வரும் ரொக்கம் எவ்வளவு, பங்கு எவ்வளவு, அது எத்தனை ஆண்டுக்கு என்பதையும் அச்சிடுங்கள். நிருபர் பையனிடம் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்டால் போதும். வரன் பார்க்கும் வீடுகளிலும், வங்கிக் கடன் மேசையிலும், தங்கை படிப்புக்கு யார் கட்டுவது என்று முடிவு செய்யும் திண்ணையிலும் உங்கள் தலைப்பில் வரும் எண்தான் பேசப்படுகிறது.

மாமாவிடம் அன்று மாலை முழுவதும் உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரைக் காட்டி, “பத்திரிகையில் தப்பாகவா போடுவார்கள் அம்மா?” என்றார். ஆவணி பிறந்ததும் வங்கிக்குப் போவதாக இருக்கிறார். அதற்கு முன் இந்தக் கடிதம் உங்கள் நாளிதழில் வந்துவிட்டால், அந்த நறுக்குக்குப் பக்கத்தில் நானே போய் ஒட்டிவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு