கண் சிவந்து வருபவரிடம் இருமலையும் கேளுங்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும்,

வணக்கம். நான் பாம்பன் பக்கத்துப் பெண். அம்மா பாசி எடுக்கிறவர். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக் கடலில் இறங்குவார். அந்தக் கண்ணாடியின் ரப்பர் அறுந்துபோய், வலை நரம்பால் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். ஒருவரிடம் கண்ணாடி இல்லையென்றால் அடுத்தவருடையதை வாங்கி, கடல் தண்ணீரிலேயே அலசி மாட்டிக்கொள்வதும் உண்டு.

எங்கள் பக்கம் கண் சிவந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உப்புத் தண்ணி, வெயில், கருவாட்டுக் களத்து மணல் என்று ஏதாவது ஒரு காரணம் தயாராக இருக்கும். போன தை மாதம் அம்மாவுக்குக் கண் சிவந்து நீர் வடிந்தது. காட்டப் போன இடத்தில் சொட்டு மருந்து கொடுத்து இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே அவருக்குத் தொண்டை கரகரத்தது. அவர்களும் கேட்கவில்லை, கண்ணுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவும் சொல்லவில்லை. நான்காம் நாள் தாத்தா இருமத் தொடங்கினார். இரண்டு வாரம் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

சம்பந்தம் இருக்கிறது. கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய் இறங்குகிறது. சொட்டு மருந்து விட்டால் தொண்டை கசப்பது அதனால்தான். மெட்ராஸ் ஐ வரக் காரணமாகிற அடினோ வைரஸ் சில நேரம் காய்ச்சலையும் தொண்டை வலியையும் சேர்த்தே கொண்டுவரும். கொரோனாவிலும் சிலருக்குக் கண் சிவந்தது. 2003-ல் நெதர்லாந்துக் கோழிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் தொற்றியது உறுதியான 89 பேரில் பெரும்பாலோருக்குக் கண்ணில்தான் தொந்தரவு. ஆனால் அதே தொற்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் நுரையீரல் பாதித்து இறந்தார். 2024-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பறவைக் காய்ச்சல் தொற்றிய மாட்டுப் பண்ணைத் தொழிலாளிக்குக் கண் சிவந்ததைத் தவிர வேறு அறிகுறியே இல்லை.

சிவந்த கண்ணெல்லாம் ஆபத்து என்று நான் சொல்லவில்லை. முக்கால்வாசி தானாகவே சரியாகிவிடும். ஆனாலும் சொட்டு மருந்தை எழுதும்போதே காய்ச்சல், தொண்டை வலி, இருமல் உண்டா என்று கேளுங்கள். வீட்டில் வயதானவர், கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரர் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கோழி வளர்ப்பவர் என்றால், கோழி எதுவும் திடீரென்று செத்ததா என்பதையும். இருமல் இருந்தால் முகக்கவசம், தனித் துண்டு, தனித் தலையணை என்று வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். எங்களிடம் அன்று யாராவது சொல்லியிருந்தால் தாத்தாவின் பாயைத் திண்ணைக்கு மாற்றியிருப்போம்.

அப்புறம் அந்தக் கண்ணாடி விஷயம். ஆளுக்கொரு கண்ணாடி வேண்டும், மாற்றி மாட்டக்கூடாது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். செவிலியர் அக்கா சொன்னால் கேட்பார்கள். பாசி மூட்டையோடு எல்லோரும் கரையேற மதியம் ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து ஒருநாள் கரைக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் ஒரு பெண்ணின் மகள்