அலர்கோன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு அதை விற்றவர்களுக்கு

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னைக் கிளை.

பொருள்: நீங்கள் ஏற்பாடு செய்த அக்டோபர் மாத ஸ்பெயின் பயணம், அலர்கோன், ஊபெதா, கிரனாடா ஊர்களில் கோட்டை மற்றும் அரண்மனை விடுதிகள், இரண்டு பேர். சேவைக் குறைபாடு குறித்தும் பணத்தைத் திருப்பிக் கேட்டும் நான்காவது கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் முதல் மூன்று மின்னஞ்சல்களுக்கும் நீங்கள் அனுப்பியது ஒரே பதில்தான். "தங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது, நன்றி." யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று கேட்டால் புதிதாக ஒரு புகார் எண் வருகிறது. இப்போது என் கையில் நான்கு எண்கள் இருக்கின்றன. பணம்தான் வரவில்லை. அதனால் இந்த முறை தாளில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தாளை யாராவது கையால் பிரித்துத்தானே ஆக வேண்டும்.

அக்டோபர் 11, சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு மாட்ரிட்டில் இறங்கினோம். நீங்கள் ஏற்பாடு செய்த ஓட்டுநர் பெயர் எழுதிய அட்டையோடு சரியாக நின்றிருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் கொடுத்த தாளில் 'அலர்கோன், மாட்ரிட்' என்று இருந்தது, அவரும் அங்கேதான் கொண்டுபோய் விட்டார். இறங்கிப் பார்த்தால் கண்ணாடி பதித்த அலுவலகக் கட்டடங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஒரு சூப்பர் மார்க்கெட். "கோட்டை எங்கே?" என்று என் மனைவி கேட்டாள். "பின்பக்கம் இருக்கும்" என்று நான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அது பொசுவேலோ தெ அலர்கோன். மாட்ரிட்டை ஒட்டிய புறநகர், மின்சார ரயில் ஓடுகிற இடம். நாங்கள் பணம் கட்டிய அலர்கோன் குவென்கா மாகாணத்தில் இருக்கிறது. வலென்சியாவுக்குப் போகும் ஏ-3 நெடுஞ்சாலையில் போய், இறங்கி, ஹூகார் ஆறு சுற்றி வளைத்து ஓடும் பாறை மேல் ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஸ்ரீரங்கத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறக்கிவிட்ட கதைதான் இது.

எங்களை இறக்கிவிட்ட விடுதியில் எங்கள் பெயரில் அறை இல்லை. வரவேற்பில் இருந்த பெண் உங்கள் தாளை வாங்கிப் படித்தாள், திருப்பிப் பார்த்தாள். பிறகு நான் நீட்டிய உங்கள் விளம்பரப் புத்தகத்தைப் பார்த்தாள். கோபுரப் படத்தின் மேல் விரலை வைத்து "குவென்கா, குவென்கா" என்றாள். தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பி, இங்கிருந்து அங்கே என்று விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு திரையை விட்டு வெளியே போய்விட்டது, படத்தைச் சுருக்கி மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு தம்ளர் தண்ணீரும் கொடுத்தாள். சம்பந்தமே இல்லாத அந்தப் பெண் செய்த அளவுகூட, 6,40,000 ரூபாய் வாங்கிய நீங்கள் செய்யவில்லை.

இப்போது உங்கள் '24 மணி நேர உதவி எண்' பற்றி. அங்கே பிற்பகல் மூன்றரை, சென்னையில் மாலை ஏழு. முதல் அழைப்பில் பத்து நிமிடம் பாட்டு. இரண்டாவதில் இணைப்பு துண்டானது. மூன்றாவதில் ஒரு தம்பி கிடைத்தார். பெயர் கேட்டேன். "டீம்ல இருந்து பேசுறேன்" என்றார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், உங்கள் பதிவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: "அங்கிள், ஸ்பெயின்ல எல்லாமே பழசுதான். அங்கேயே ஏதாவது ஒண்ணுல தங்கிக்கோங்க, பில்லு அனுப்புங்க, பார்க்கலாம்."

எல்லாமே பழசுதான்! இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். எத்தனையோ பேர் என்னிடம் கத்தியிருக்கிறார்கள். ஒருவரிடம்கூட "எல்லா கணக்கும் ஒண்ணுதான், ஏதாவது ஒண்ணுல பணம் போட்டுட்டுப் போங்க" என்று நான் சொன்னதில்லை.

அதோடு விட்டாரா? இல்லை. "கோட்டைதானே வேணும், ஜேன்ல ஒண்ணு இருக்கு, மாத்தித் தரவா?" என்றார். ஹயென் என்கிற ஊரைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது. அது ஸ்பெயினின் தெற்கே ஆந்தலூசியாவில் இருக்கிறது, அன்று மாலையே போய்ச் சேருகிற தூரமா அது? அங்கே விருந்தினர் தங்குவதும் பழைய கோட்டைக்குள் இல்லை, பக்கத்தில் 1960களில் அதே பாணியில் கட்டிய கட்டடத்தில்தான். நல்ல விடுதி என்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் விற்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? வாங்குகிற எனக்குத் தெரிகிறதே.

பாரடோர் விடுதிகள் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை என்றுதான் அட்வான்ஸ் கட்டும் வரை நினைத்திருந்தேன். ஸ்பெயின் அரசுக்குச் சொந்தமான விடுதிகள், முதல் விடுதி 1928ல் கிரேதோஸ் மலையில் திறந்தது. பிறகு கோட்டை, மடம், அரண்மனை என்று எடுத்துப் பழுதுபார்த்து, அறைகளாக்கி வாடகைக்கு விட்டார்கள். பாரடோர் என்று எழுதியிருந்தாலே பழைய கட்டடம் என்று அர்த்தம் இல்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி நானும் மனைவியும் மூன்று மாதம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவைதான் இந்த மூன்று ஊர்கள். அதில் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க இது அரிசி மூட்டை இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். வேறு வழியில்லாமல் டாக்ஸி பிடித்தோம், 290 யூரோ. இரவு ஒன்பதே காலுக்கு அலர்கோன் போய்ச் சேர்ந்தோம். இருட்டில் மதிலும் வாசலும் தாண்டி வண்டி மேலே ஏறும்போது, ஒரே ஒரு கோபுரத்துக்கு மட்டும் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சாயங்காலத்தில் இருந்து பேசாமல் வந்த என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வந்தாச்சா?" என்றாள். அவ்வளவுதான்.

அறை இருந்தது. ஆனால் ஒரே இரவுக்கு! உங்கள் ரசீதில் இரண்டு இரவு, நீங்கள் அவர்களிடம் பதிவு செய்தது ஒன்று. மொத்தமே 14 அறைகள் உள்ள கோட்டை அது. மறுநாள் அக்டோபர் 12, ஸ்பெயினின் தேசிய தினம், ஒரு அறைகூட காலி இல்லை. அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், அவர்கள் தப்பே இல்லாத விஷயத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு அறையைக் காலி செய்துகொண்டு கிளம்பினோம். 1184ல் காஸ்தீயா மன்னன் எட்டாம் அல்போன்சோவின் படை முஸ்லிம் ஆட்சியாளர்களிடம் இருந்து பிடித்த கோட்டையில் நான் இருந்தது பதினைந்து மணி நேரம்கூட இல்லை, அதில் ஏழு மணி நேரம் தூக்கம். ஜன்னல் சுவரின் தடிமனுக்குள் கையை நீட்டினேன், முழங்கை தாண்டியும் வெளிப்பக்கம் எட்டவில்லை. இரண்டாவது நாள் அங்கே உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன்.

அதே ஊரில் சான் ஹுவான் தேவாலயத்துக்குள் ஹெசூஸ் மத்தேயோ என்கிற ஓவியர் 1994ல் இருந்து 2002 வரை சுவர் முழுக்க வரைந்திருக்கிறார், யுனெஸ்கோ ஆதரவு பெற்ற வேலை. என் மனைவி அந்தப் பயணத்தில் கேட்டதே அதைப் பார்க்க வேண்டும் என்றுதான். பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நாங்கள் நெடுஞ்சாலைப் பக்கம் மொத்தீயாவில், லாரிகள் நிற்கும் ஒரு விடுதியில் நான்கு பெட்டிகளை மாடி ஏற்றிக்கொண்டிருந்தோம். லிஃப்ட் கிடையாது. எனக்கு அன்று பிடித்த முழங்கால் வலி இன்று வரை விடவில்லை, டாக்டர் சீட்டு இணைத்திருக்கிறேன்.

டாக்ஸி பில்லை அனுப்பினேன், அந்தத் தம்பி சொன்னபடி. "முன் அனுமதி பெறாத செலவு" என்று நிராகரித்தீர்கள். "பில்லு அனுப்புங்க" என்பது அனுமதி இல்லாமல் வேறு என்ன?

ஊபெதா பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே தங்கிய இரண்டு இரவும் அருமை. 16ஆம் நூற்றாண்டில் தேவாலயத் தலைமைப் பாதிரியார் ஒருவருக்காகக் கட்டிய அரண்மனை, 1930 முதல் பாரடோர். நடுமுற்றத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு வளைவுகள், ஒல்லியான தூண்கள், நம் செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சுற்றிலும் ஆலிவ் தோப்பு. ரொட்டியை அந்த எண்ணெயில் தொட்டே இரண்டு வேளை சாப்பிட்டோம். சைவம் என்று நான் படிவத்தில் எழுதியதை எந்த விடுதிக்கும் நீங்கள் தெரிவிக்கவில்லை என்பது வேறு விஷயம். அலர்கோனில் முதல் இரவு மொர்தெருவேலோ வந்தது, அது ஈரலும் வேட்டை இறைச்சியும் அரைத்துச் செய்வது. பரிமாறியவரே எங்கள் முகத்தைப் பார்த்து எடுத்துப் போய், செம்மறிப் பால் பாலாடைக்கட்டியும் பிஸ்தோ என்கிற காய்கறிக் கூட்டும் கொண்டுவந்தார். அந்த நாட்டில் சைவம் கிடைக்காது என்று உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறது. சொன்னால் கிடைக்கிறது.

ஆனால் ஊபெதாவுக்கும் எப்படிப் போனோம்? "பயேசா ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான்" என்று உங்கள் திட்டத்தாளில் எழுதியிருந்தீர்கள். அந்த நிலையத்தின் பெயர் லினாரெஸ்-பயேசா. பயேசா ஊரிலும் இல்லை, ஊபெதாவிலும் இல்லை. அங்கிருந்து ஊபெதா இருபது கிலோமீட்டருக்கு மேல். வண்டி ஏற்பாடு செய்யவில்லை. பெயரில் ஊர் இருந்தால் ஊரிலேயே இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறீர்கள் போலிருக்கிறது. முதலில் அலர்கோன், அப்புறம் இது.

கிரனாடா. இதை எழுதக் கை வரவில்லை. விளம்பரப் புத்தகத்தின் அட்டையிலேயே அல்ஹம்ப்ரா கோட்டை வளாகத்துக்குள் இருக்கும், பாரடோராக மாற்றிய சான் ஃபிரான்சிஸ்கோ மடத்தின் படம். முஸ்லிம் மன்னர்களின் அரண்மனை இருந்த இடத்தில் மடம் கட்டினார்கள். 1504ல் இறந்த அரசி இசபெல்லாவை முதலில் புதைத்தது அங்கேதான், 1521ல்தான் கீழே நகரத்துக்கு, அரச தேவாலயத்துக்கு மாற்றினார்கள். கூட்டம் எல்லாம் இறங்கிப் போன பிறகு இரவில் அல்ஹம்ப்ராவுக்குள்ளேயே இருக்கலாம் என்பதற்காகத்தான் அந்த இரண்டு இரவுக்கு மட்டும் நீங்கள் கேட்ட கூடுதல் தொகையைக் கட்டினேன். கொடுத்தது புறவழிச்சாலைப் பக்கம் புதிதாகக் கட்டிய விடுதி. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். கேட்டால், "அதே நகரம், அதே நட்சத்திரம், நீச்சல்குளம் வேற இருக்கு, உங்களுக்கு அப்கிரேடு" என்கிறார்கள். அக்டோபரில் நான் எந்தக் குளத்தில் குதிப்பது?

திரும்பி வந்து மூன்று முறை உங்கள் அலுவலகம் ஏறினேன். முதல் முறை மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். இரண்டாவது முறை மீட்டிங். மூன்றாவது முறை, கேட்டால் நம்ப மாட்டீர்கள், "அலர்கோன்னா எந்தக் கன்ட்ரி சார்?" என்று முன்மேஜைப் பெண் கேட்டார். அவர் புதிது, பாவம், அவரைத் திட்ட மனம் வரவில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கான வரி (டிசிஎஸ்) என்று என்னிடம் பிடித்த 32,000 ரூபாய்க்கான 27டி சான்றிதழையாவது கொடுங்கள் என்றேன். அதுவும் இன்னும் வரவில்லை.

உங்கள் நிறுவனத்தோடு சண்டை போடுவது என் நோக்கம் இல்லை. எங்கள் மகள் கல்யாணத்துக்குப் பிறகு இந்தத் தம்பதி தனக்கென்று செய்துகொண்ட ஒரே செலவு இதுதான். எங்கள் மொத்த ஓய்வுக்காலத்தையே நீங்கள் பாழாக்கிவிட்டீர்கள் என்று சொன்னால் மிகையில்லை. எனவே டாக்ஸிக்கு 290 யூரோ, அலர்கோனில் கிடைக்காத இரவின் வாடகை, மொத்தீயா விடுதிச் செலவு, கிரனாடாவுக்கு வாங்கிய கூடுதல் தொகை முழுவதும், மன உளைச்சலுக்கு 5,00,000 ரூபாய், இவற்றை 15 நாட்களுக்குள் என் கணக்கில் செலுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து லட்சம் அதிகம் என்று தோன்றினால் உட்கார்ந்து பேசலாம். ஆனால் மேலாளர் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும்.

இல்லையென்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனுப் போடுவேன். நான் உங்களிடம் கட்டிய தொகைக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய்தான், வக்கீலும் கட்டாயம் இல்லை. நேரம் என்னிடம் நிறைய இருக்கிறது, ஓய்வு பெற்றவன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் அழைத்துப் பதிவு செய்துவிட்டேன், அங்கே பாட்டுப் போடாமல் எடுத்தார்கள். அந்தத் தம்பி பேசிய பதிவை அழிக்க வேண்டாம் என்று இதன் மூலம் எழுத்துப்பூர்வமாகக் கேட்கிறேன், ஆணையம் கேட்கும்.

இப்படிக்கு,
உங்கள் நான்கு புகார் எண்களுக்கும் சொந்தக்காரன்

இணைப்பு: ரசீது, டாக்ஸி பில், மொத்தீயா விடுதி பில், டாக்டர் சீட்டு, உங்கள் விளம்பரப் புத்தகத்தின் அட்டை, பொசுவேலோ விடுதி வாசலில் பெட்டிகளோடு நாங்கள் நிற்கும் புகைப்படம்.

பி.கு.: நேற்று இரவு உங்கள் இணையதளத்தைப் பார்த்தேன். அலர்கோன் கோட்டை இன்னமும் 'மாட்ரிட் விமான நிலையத்தில் இருந்து 40 நிமிடம்' என்றுதான் இருக்கிறது. பொங்கல் விடுமுறைக்குப் பதிவுகள் நடப்பதாகவும் போட்டிருக்கிறீர்கள். பணத்தை எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள், அந்த வரியை இன்றைக்கே மாற்றுங்கள்.