மாடியில் ஒரு சினிமா அறை

அன்புள்ள மச்சான்,

கடிதமும் வீட்டு பிளானும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டது, அதனால் வீட்டில் கொஞ்சம் நிம்மதி. எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். நடந்துகொண்டே பழைய பாட்டு கேட்கிறேன், அது ஒன்றுதான் அதில் சுகம்.

மாடியில் கட்டப்போகும் சினிமா அறைக்கு எந்த ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி), எந்த ஸ்பீக்கர் என்று கேட்டிருக்கிறாய். அதைச் சொல்கிறேன். ஆனால் மாடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை என்கிறாயே, முதலில் அறையைப் பேசிவிடலாம். கருவியை அடுத்த வருஷம்கூட மாற்றலாம், சுவரை மாற்ற முடியாது.

பிளானில் 12-க்கு 12 என்று சதுரமாகப் போட்டிருக்கிறாய். முடிந்தால் ஒரு பக்கத்தை 15 அடியாக்கு. ஒவ்வொரு அறைக்கும் அதன் நீள அகலத்துக்கு ஏற்பச் சில தாழ்ந்த ஒலிகள் தாமாகவே முழங்கும். 12 அடிக்கு அது ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு), 15 அடிக்கு 38 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டு முழக்கமும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் படத்தில் இடி இடித்தாலும் லாரி ஓடினாலும் உனக்கு ஒரே ‘கும்’தான். இஞ்சினியர் மறுத்தால் 14 அடியாவது கேள்.

அடுத்தது ஒயர் போகும் பைப். மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியதும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், சோபா வரப்போகும் இடத்துக்குச் சற்று முன்னே தலைக்கு மேல் இடதும் வலதுமாக இரண்டு பாக்ஸ் வைக்கச் சொல். அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை, இன்றைக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் பைப்புக்கு ஆகும் செலவு சொற்பம், பிறகு தளத்தை உடைப்பது வம்பு. புரொஜெக்டர் வைக்கும் ஆசை இருந்தால் அதற்குத் தனியாக ஒன்றரை இஞ்ச் பைப். படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளின் முனை முக்கால் இஞ்சில் நுழையாது. எல்லாவற்றிலும் ஒரு கட்டுக்கம்பியை உள்ளே விட்டு வை. கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே ஸ்பீக்கர் ஒயரையும் திணிக்க எலக்ட்ரீஷியன் பார்ப்பார், பக்கத்தில் நின்று தடுத்துவிடு. ஒயர் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்துக்குச் செம்பு பூசியதைச் செம்பு என்றே விற்கிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். ஒன்றரை லட்சம் என்கிறாய். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரிசீவருக்குப் போகக் கூடாது. ரிசீவர் ஒருவகையில் கம்ப்யூட்டர் மாதிரி. புதுப்புது எச்டிஎம்ஐ, புதுப்புது டால்பி ஒலிமுறை என்று ஏழெட்டு வருஷத்தில் பழசாகிவிடும். நல்ல ஸ்பீக்கர் 20 வருஷம் உழைக்கும். ஆனால் கடைக்காரர் எப்போதும் ரிசீவரில்தான் பேச்சைத் தொடங்குவார், ஏனென்றால் அதில்தான் பெட்டி மேல் அச்சடிக்க நம்பர்கள் இருக்கின்றன.

அந்த வாட் கணக்கைப் பார்த்து மயங்காதே. நம் காலத்து டேப் ரெக்கார்டர்களில் ‘பிஎம்பிஓ’ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்களே, அதன் சூட் போட்ட தம்பிதான் இது. 90 வாட்டுக்கும் 120 வாட்டுக்கும் காதில் விழும் வித்தியாசம் ஒன்றேகால் டெசிபல்கூட முழுசாக இல்லை. 88 டெசிபல் உணர்திறன் (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற கணக்கு) உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 91 உள்ளதை வாங்கினால், அதே ரிசீவரை இரண்டு மடங்கு வாட் உள்ளதாக மாற்றிய பலன். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும் உன் அறையில் பெரும்பாலான நேரம் ஒரு ஸ்பீக்கருக்கு ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் செலவாகாது. வெடிச்சத்தம் வரும் கணத்துக்குத்தான் மீதி.

நான் கேட்டால் பணத்தை எங்கே போடுவேன் தெரியுமா? நடு ஸ்பீக்கரில். வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. மாமாவுக்குக் காது மந்தமாகி, டி.வி. சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார் என்று எழுதியிருந்தாயே, அவருக்கும் அதுதான் மருந்து. சென்டர் சத்தத்தை மட்டும் ரிசீவரில் மூன்று நான்கு டெசிபல் ஏற்றி வைத்தால் மற்றவர்கள் காதைப் பொத்த வேண்டாம். இன்னொன்றும் யோசி. நீ பார்க்கப்போவதில் பாதி 70கள், 80களின் படங்கள். அவற்றில் முக்கால்வாசி மோனோ, ஒலியெல்லாம் ஒரே தடத்தில். ஒலியைச் சுற்றிலும் உள்ள ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும் டால்பி சரவுண்டைப் போட்டாலும் மோனோ ஒலி முழுக்க நடு ஸ்பீக்கரில்தான் வந்து நிற்கும். நீ ஐந்து ஸ்பீக்கர் வாங்கினாலும் ஏழு வாங்கினாலும் சிவாஜி பேசுவது அந்த ஒன்றில்தான். அதனால் இடது, நடு, வலது மூன்றையும் ஒரே கம்பெனியில், ஒரே வரிசையில் வாங்கு. பக்கத்துச் சரவுண்டு இரண்டும் சுமாராக இருந்தாலும் போதும். அவற்றைச் சோபாவுக்கு நேர் பின்னால் மாட்டாமல், காதுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி, தலைக்குச் சற்று மேலே மாட்டு.

பணம் இடித்தால் முன்னே மூன்றும், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரும் மட்டும் இப்போது வாங்கி, சரவுண்டை அடுத்த போனஸுக்குத் தள்ளிப்போடு. ஒரே பெட்டியில் எல்லாம் அடங்கிய மலிவு செட்டை விட இது எவ்வளவோ மேல். சப்வூஃபர் வந்ததும் மூலையில் தள்ளிவிடாதே. அதைச் சோபா மேல் ஏற்றி வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, நீ சுவரோரமாகத் தவழ்ந்து போ. எங்கே தாழ்ந்த ஒலி அமுங்காமலும் குழையாமலும் கேட்கிறதோ அங்கேதான் அதன் இடம். தங்கச்சி சிரிப்பாள், சிரிக்கட்டும். ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிடு.

ரிசீவரில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். மைக் வைத்து அறையை அளந்து தானே சரிசெய்யும் வசதி. டெனானில் ஆடிசி, யமஹாவில் ஒய்பிஏஓ, ஆன்கியோவின் சில மாடல்களில் டிராக் லைவ் என்று பெயர்கள். அப்புறம் இ-ஆர்க். டி.வி.யின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது ஆர்க், அதன் மேம்பட்ட வடிவம் இது. ஓடிடியில் வரும் அட்மாஸுக்குச் சாதாரண ஆர்க்கே போதும், டி.வி.யில் செருகிய புளூரே டிஸ்க் பிளேயரின் ஒலி அசல் தரத்தில் வேண்டுமானால்தான் இ-ஆர்க் தேவை. உன் டி.வி.யில் டால்பி போன்ற இன்னொரு ஒலிமுறையான டிடிஎஸ் உண்டா என்றும் பார்த்துக்கொள். சில கம்பெனிகள் அதை எடுத்துவிட்டன, பென் டிரைவில் டிடிஎஸ் ஒலி உள்ள படம் போட்டால் ஊமைப் படமாகிவிடும்.

அமெரிக்காவிலிருந்து மச்சினன் வாங்கி வருகிறான், அங்கே விலை பாதி என்று எழுதியிருந்தாய். வேண்டாம். அங்கே விற்கும் பல மாடல்கள் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தவை. நம் 230-ல் நேரே செருகினால் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினாலும் இங்கே வாரண்டி கிடைக்காது. அவனிடம் படங்களின் புளூரே வாங்கி வரச் சொல்.

ஆசாரி ரிசீவருக்கு அழகாகக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி செய்து தருகிறேன் என்பார். நம் ஊர் வெயிலில் அது உள்ளேயே வெந்துவிடும். மேலே அரை அடியாவது காலி விட்டு, பின்பக்கம் திறந்திருக்கட்டும். பல்லி புகாமல் மெல்லிய வலை மட்டும் அடித்துவிடு. தரைக்கு டைல்ஸ், மொட்டைச் சுவர் என்று விட்டுவிட்டால் எந்த ஸ்பீக்கரும் கல்யாண மண்டபம் போல எதிரொலிக்கும். தரையில் தடித்த கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின்சுவரில் உன் புத்தக அலமாரி. அட்டைப் பெட்டியில் கிடக்கும் புத்தகங்களுக்கும் இடம் கிடைத்தது போல ஆகும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்றடி முன்னே போடு.

ஆயுத பூஜை விடுமுறையில் சென்னை போகிறேன். டெமோ அறை வைத்திருக்கும் இரண்டு கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் வா. அவர்கள் போடும் ஹெலிகாப்டர் காட்சியை நம்பாமல், நீ மனப்பாடமாக அறிந்த பாட்டு நாலைந்தையும், ஆள் அமைதியாகப் பேசும் ஒரு காட்சியையும் பென் டிரைவில் கொண்டு வா. இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும், கொஞ்சம் உரக்க ஒலிப்பதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். ரயில் டிக்கெட் போடும் முன் எனக்கு ஒரு வரி எழுது, ஒரே வண்டியில் திரும்பலாம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்