கோயில் குட்டைக்கரையைப் பிரெய்ரிப் பூக்களுக்கு விடுங்கள்

நம் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

சிகாகோவின் மேற்குப் புறநகரில் நம் கோயில் பார்க்கிங்குக்குப் பின்னால் மழைநீர்க் குட்டை இருக்கிறதே, அதைச் சுற்றியுள்ள சரிவைப் பற்றித்தான் இந்த மடல். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே புல் வெட்டும் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புல்லில் யாரும் உட்காருவதில்லை, பிள்ளைகள் விளையாடுவதும் இல்லை. கனடா வாத்துகள்தான் மேய்கின்றன. மேய்ந்தபின் என்ன செய்துவிட்டுப் போகின்றன என்பதைச் சுவாமி புறப்பாட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களிடம் கேளுங்கள். வாத்துக்குக் கட்டையாக வெட்டிய புல்தான் பிடிக்கும். செடி உயர்ந்து கரையை மறைத்தால், நரி பதுங்கியிருக்குமோ என்று பயந்து பெரும்பாலும் ஒதுங்கிவிடும்.

அந்தச் சரிவை இந்த மண்ணின் பிரெய்ரிச் செடிகளுக்கு விடுங்கள் என்பதே என் கோரிக்கை. பிரெய்ரி என்றால் மரம் அதிகமில்லாத, புல்லும் பூச்செடிகளும் நிறைந்த இயற்கைப் புல்வெளி. நம் இல்லினாய் மாநிலத்தில் ஒரு காலத்தில் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. கெடாமல் மிஞ்சியது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இங்கே சோளமும் சோயாவும் விளையும் கறுப்பு மண்ணே அந்தச் செடிகளின் வேர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செத்து மக்கிச் சேர்த்த சொத்துதான். புல்தரையின் வேர் சில அங்குலத்தோடு நின்றுவிடும். பிரெய்ரிச் செடிகள் பலவற்றின் வேர் ஆளுயரத்துக்கும் கீழே இறங்கும். சரிவு மண் குட்டைக்குள் கரைவதை அது பிடித்து நிறுத்தும்.

எதை விதைப்பது? முதலில் பயறு இனங்கள். பர்ப்பிள் பிரெய்ரி க்ளோவர், லெட் பிளான்ட், பார்ட்ரிட்ஜ் பீ. நம் ஊரில் கொளுஞ்சியும் சணப்பும் செய்கிற வேலையைத்தான் இவையும் செய்கின்றன: வேர்முடிச்சில் பாக்டீரியாவை வைத்துக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும். உரச்செலவே வேண்டாம். க்ளோவரின் பூங்கொத்து கட்டைவிரல் அளவுதான். அடியிலிருந்து மேல்நோக்கி வளையம் வளையமாக ஊதா பூக்கும், இடையிடையே ஆரஞ்சு மகரந்தம் துருத்தி நிற்கும். பார்ட்ரிட்ஜ் பீ நம் ஆவாரைக்கு ஒன்றுவிட்ட உறவு. அதன் மஞ்சள் பூவில் தேன் கிடையாது. பம்பிள் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்துத்தான் மகரந்தத்தை உதிர்க்கும். தேனோ இலைக்காம்பில் ஒரு சின்னப் புள்ளியாக இருக்கும், அது எறும்புக்கு!

அப்புறம் மில்க்வீட். விநாயகருக்கு மாலை கட்டும் எருக்கின் குடும்பம் இது. மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு இதைவிட்டால் வேறு தீனி இல்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை மோனார்க்கை அச்சுறுத்தலுக்குள்ளான (threatened) இனமாகப் பட்டியலிட முன்மொழிந்தது.

தேனீ கொட்டாதா என்று கேட்பீர்கள். இந்த மண்ணின் தேனீக்களில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. கூட்டமாகச் சேர்ந்து காக்க வேண்டிய பெரிய கூடு இல்லாததால் அவை கொட்டுவது அபூர்வம். உண்ணிப் பயம் நியாயமானது, அதனால் நடைபாதையை ஒட்டி ஆறடி அகலத்துக்குப் புல்லை வெட்டியே வைப்போம். அப்படி ஓரம் கட்டினால் பார்ப்பவர்களுக்கும் இது காடு மண்டியதாகத் தெரியாது.

ஆடிப்பட்டம் இங்கே செல்லாது. கோடையில் பழைய புல்லை அடியோடு சாகடித்துவிட்டு, கார்த்திகை தீபம் முடிந்த கையோடு விதைக்க வேண்டும். பல விதைகளுக்குப் பனிக்காலக் குளிர் பட்டால்தான் முளைப்பு. கடைகளில் பூப்படம் போட்டு விற்கும் கலவைப் பாக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள். அதில் பாதி எந்த நாட்டுச் செடி என்றே தெரியாது. முதல் வருடம் சரிவு பார்க்கச் சகிக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். களை விதை கட்டாமலிருக்க அரையடி உயரத்தில் சில முறை வெட்ட வேண்டும். மூன்றாம் வருடம்தான் பூ களைகட்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை, இளவேனில் தொடக்கத்தில் வெட்டினால் போதும்.

நம்பிக்கை வரவில்லையா? லைல் ஊரிலுள்ள மார்ட்டன் ஆர்பொரீட்டம் என்ற மரத்தோட்டத்தில் 1962இல் உருவாக்கத் தொடங்கிய ஷூலன்பர்க் பிரெய்ரி இருக்கிறது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை குழுவோடு போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இதைச் சேருங்கள், புல் வெட்டும் கான்ட்ராக்டின் கணக்கையும் கொண்டுவாருங்கள். முதலில் கிழக்குக் கரையில் கால் ஏக்கர் கொடுத்தாலும் சரி. விதைச் செலவை நாங்கள் சில குடும்பங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவர்